நவக்கரையில் வீடு, சரவணம்பட்டியில் வேலை: பெட்ரோலை நம்பிய புறநகர் எத்தனை நாள் தாங்கும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கி முதலில் வைத்துவிடுகிறேன். கோவைக்குத் தென்மேற்கே நவக்கரைக்கும் க.க.சாவடிக்கும் (கந்தேகவுண்டன்சாவடி) நடுவே, கோவை-பாலக்காடு ரோட்டிலிருந்து 3 கி.மீ. உள்ளே ஐந்தரை சென்ட் அப்ரூவ்டு சைட் வாங்கியிருக்கிறீர்கள். உங்களுக்கு வேலை கோவையின் வடக்குப் பக்கம் சரவணம்பட்டியில், ஒரு வழி 28 கி.மீ. வீட்டம்மாவுக்கு வாளையார் எல்லை தாண்டிக் கேரளத்துக் கஞ்சிக்கோட்டில், ஒரு வழி 15 கி.மீ. பையன் ஆறாம் வகுப்பு. அமெரிக்காக்காரன் ஊருக்கு வெளியே வீட்டைக் கட்டிவிட்டுக் காருக்கும் எண்ணெய்க்கும் அடிமையானான் என்கிறார்கள், நாமும் அதே குழியில்தான் காலை வைக்கிறோமா, இப்போது வீடு கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டலாமா என்பதற்குப் பதில் அந்த 3 கி.மீ.யில்தான் இருக்கிறது. 28 கி.மீ.யைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். அதற்கு வழி உண்டு. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே இருக்கிற மூன்றுக்குத்தான் மாற்று வழி கம்மி. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் எண்ணெய். அது தீர்ந்து போய்விடும் என்ற பயத்தில் முடிவெடுக்காதீர்கள். ஷெல் கம்பெனியில் இருந்த ஹப்பர்ட் என்ற புவியியலாளர் 1956-லேயே, அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி 1965-க்கும் 1970-க்கும் இடையில் உச்சம் தொட்டு இறங்கும் என்றார். 1970-ல் அப்படியே நடந்தது. ஆனால் பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் வித்தை வந்தபின் 2018-ல் அந்தப் பழைய உச்சத்தையே அமெரிக்கா தாண்டிவிட்டது. விலை ஏறினால், முன்பு கட்டுப்படியாகாத எண்ணெயும் வெளியே வரும். அதனால் உங்கள் காலத்தில் பங்க் மூடப்போவதில்லை. விலை எப்போது எவ்வளவு என்பது மட்டும் நம் கையில் இல்லை. நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் மூன்று இடங்களிலும் பாறைக் குகையில் அரசு வைத்திருக்கும் அவசரக் கையிருப்பின் முழுக் கொள்ளளவு 53 லட்சம் டன் சொச்சம். நாடு முழுக்கப் பகிர்ந்தால் பத்து நாளைக்குக்கூடச் சரியாக வராது. கம்பெனிகளின் டேங்க்கில் இருப்பது தனி.

நம் ஊரில் விலை எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அண்மை ஆண்டுகளே சாட்சி. 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சுழியத்துக்குக் கீழே போனது. இங்கே பங்க்கில் அந்த இறக்கம் தெரியவில்லை, வரி ஏறி அதை விழுங்கிவிட்டது. 2022 ஏப்ரலில் சென்னையில் பெட்ரோல் 110 ரூபாய் 85 காசு வரை போனது. மே மாதம் ஒன்றிய அரசு கலால் வரியில் 8 ரூபாய் குறைத்ததும் 102 ரூபாய் 63 காசுக்கு வந்து நெடுநாள் அங்கேயே நின்றது. இறங்கும்போது முழுசாக இறங்காது, ஏறும்போது வரி கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். திடீரென்று ஒருநாள் கழுத்தைப் பிடிக்கிற ஆபத்து இல்லை, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பளத்தைக் கரைக்கும். வழங்கலும் உங்கள் பக்கத்தில் மோசமில்லை. கொச்சி அம்பலமுகள் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து கோவையை ஒட்டிய இருகூர், கரூர் வரை 292 கி.மீ. குழாய் இதே பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் வருகிறது. லாரி ஸ்டிரைக் வந்தாலும் இருகூர் டேங்க் வரை எண்ணெய் வந்துவிடும். இன்னொன்று, கேரளத்தில் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல். 2023 ஏப்ரல் முதல் சமூகப் பாதுகாப்புக்கென்று 2 ரூபாய் செஸ் வேறு. வீட்டம்மா கஞ்சிக்கோட்டில் டேங்க் நிரப்பாமல் சாவடிப் பக்கம் நிரப்பிக்கொண்டு போவது நல்லது. எல்லைக்கு அந்தப் பக்கத்து வண்டிகளே அதைத்தான் செய்கின்றன.

அமெரிக்கக் கதைக்கு வருவோம். நியூயார்க் பக்கம் லெவிட்டவுன் என்று 1947-ல் தொடங்கி 17,000-க்கும் மேற்பட்ட வீடுகளை ஒரே அச்சில் வார்த்தார்கள். 1956-ல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது, ஊருக்கு வெளியே குடியேறுவது பெருகியது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி விலை ஏறக்குறைய நான்கு மடங்கானபோதும் யாரும் புறநகரைக் காலி செய்துவிட்டு ஓடவில்லை; சின்ன ஜப்பான் கார் வாங்கினார்கள், வேகத்தை 55 மைலாகக் குறைத்தார்கள், சமாளித்தார்கள். 2008-ல் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டபோதுதான் ஊருக்கு வெகுதூரத்தில், கடனில், பெரிய வீடு வாங்கியவர்கள் நொறுங்கினார்கள். கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே ரிவர்சைட், சான் பெர்னார்டினோ பக்கம் வரிசையாக வீடுகள் ஜப்திக்கு வந்தன. முதல் காரணம் கடன். பெட்ரோல் அதன் முதுகில் ஏறிக்கொண்டது. வீட்டுக் கடனும் தூரமும் ஒரே தலையில் விழுந்தால்தான் ஆபத்து என்பது அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. அங்கே குடியிருப்பு மனை என்றால் கடை வைக்கக்கூடாது என்பது பெரும்பாலான ஊர்களில் சட்டம். ஒரு பாக்கெட் பாலுக்கும் காரை எடுக்க வேண்டியதாகிறது. நம் லே-அவுட்டில் பத்து வீடு வந்தால் பதினொன்றாவது வீட்டு முன்னறையில் மாவு பாக்கெட்டும் முட்டையும் ரீசார்ஜும் வந்துவிடும். நம் புறநகரைக் காப்பாற்றுவது இதுதான். சுற்றுச்சுவர் கட்டி, கேட் போட்டு, ‘உள்ளே கடை கூடாது, தள்ளுவண்டி கூடாது’ என்று சங்கம் விதி எழுதுகிற இடங்கள் கையில் இருக்கிற நல்லதைத் தூக்கி எறிகின்றன. உங்கள் மனைப்பிரிவில் அப்படி ஒரு விதி இருந்தால் பத்திரத்தோடு தரும் நிபந்தனைத் தாளில் இருக்கும், படித்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன், வாய்க்கணக்குக்கு வசதி. நீங்கள் காரில் போனால் நாளைக்கு 56 கி.மீ., மாதம் 24 நாள், 1,344 கி.மீ. ஆத்துப்பாலம், உக்கடம், காந்திபுரம் நெரிசலைச் சேர்த்தால் லிட்டருக்கு 14-தான் வரும், 96 லிட்டர். உக்கடம் மேம்பாலம் 2024 ஆகஸ்டில் திறந்தபின் நேரம் மிச்சம், கிலோமீட்டர் அதேதான். மதுக்கரையில் திரும்பி நீலாம்பூர் பைபாஸில் சுற்றினால் சீராகப் போகலாம், தூரம் கூடும், அதனால் எண்ணெய்ச் செலவில் பெரிய வித்தியாசம் வராது. வீட்டம்மா ஸ்கூட்டரில் மாதம் 720 கி.மீ.; லிட்டருக்கு 45 என்றால் 16 லிட்டர். இருவருக்கும் சேர்த்து 112 லிட்டர், 11,200 ரூபாய். பெட்ரோல் 150 ஆனால் 16,800. கூடுதல் 5,600. இரண்டு சம்பளம் வரும் வீட்டுக்கு இது வலிக்கும், முறிக்காது.

முறிவது வேறு இடத்தில். உங்கள் வீட்டுக்கு வந்து வேலை செய்கிறவர்களைப் பாருங்கள்: சமையலுக்கு வரும் அம்மா, பிளம்பர், எலெக்ட்ரீஷியன், ட்யூஷன் டீச்சர், பள்ளி வேன் டிரைவர். 20,000 சம்பாதிக்கிற ஒருவர் தினம் 30 கி.மீ. வந்து போனால் அதே 16 லிட்டர், சம்பளத்தில் 8 சதவீதம். விலை ஒன்றரை மடங்கானால் 12. அவர் முதலில் விடுவது உள்ளே ஒதுங்கிய உங்கள் லே-அவுட்டைத்தான். மெயின் ரோட்டோரத்து வீட்டுக்கு பஸ்ஸில் வந்துவிடுவார். மோட்டார் ரிப்பேருக்கு ஆள் வர 300 ரூபாய் விசிட்டிங் சார்ஜ் கேட்கிற நிலை இப்படித்தான் உருவாகிறது. டீசல் ஏறினால் காய்கறி எட்டாக்கனியாகும் என்பார்கள், அது கணக்கில் நிற்கவில்லை. பத்து டன் ஏற்றிய லாரி லிட்டருக்கு 4 கி.மீ. கொடுத்து 150 கி.மீ. வந்தால் 38 லிட்டர் டீசல். கிலோ காய்க்கு 4 மில்லி, 40 காசுக்கும் குறைவு. அதே காயை வாங்க நீங்கள் ஸ்கூட்டரில் 5 கி.மீ. போய் 5 கி.மீ. வந்தால் 200 மில்லிக்கு மேல் பெட்ரோல், 20 ரூபாய்க்கு மேல். மூன்று கிலோ வாங்கியிருந்தால் கிலோவுக்கு 7 ரூபாய். 150 கி.மீ. லாரி தின்றதைப் போல 15 மடங்குக்கும் மேல் கடைசி 5 கி.மீ. தின்கிறது. அந்த 3 கி.மீ.யைப் பற்றி முதலிலேயே சொன்னதற்கு இதுதான் காரணம்.

தண்ணீரும் இதே மாதிரிதான். 700 அடி போரிலிருந்து 1,000 லிட்டர் மேலேற்ற, மோட்டார் 40 சதவீதத் திறனில் ஓடினாலும் ஒன்றரை யூனிட் போதும். காசு கொஞ்சம்தான். போர் வறண்டால் கதை மாறும்: 12,000 லிட்டர் லாரி 10 கி.மீ. தள்ளியிருந்து வந்து போக 20 கி.மீ., 5 லிட்டர் டீசல். ஒவ்வொரு லோடிலும் டீசலுக்கே 450 ரூபாய்க்கு மேல். மதுக்கரை வட்டாரம் சுண்ணாம்புப் பாறை பூமி, சிமென்ட் ஆலை அங்கே வந்ததே அதனால்தான். போர் தண்ணீர் பல இடங்களில் கடினமாக இருக்கும், கீசர் காயிலில் வெள்ளையாகப் படிந்து மின்செலவைக் கூட்டும். ஊராட்சிக் குழாய் எந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிறது, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று சைட் புரோக்கரிடம் கேட்காதீர்கள், அங்கே குடியிருக்கும் வீட்டில் கேளுங்கள். கட்டும்போதே 10,000 லிட்டர் சம்ப் ஒன்றை மழைத் தண்ணீருக்கென்று தனியாக விடுங்கள். 1,000 சதுர அடி மொட்டை மாடி, ஆண்டுக்கு 600 மி.மீ. என்று மழையைக் குறைத்தே வைத்தாலும், ஐந்தில் ஒரு பங்கு வீணானது போக 44,000 லிட்டர் பிடிக்கலாம். நாலு பேர் வீட்டுக்கு மூன்று மாதத் தண்ணீர். ஒரே நாளில் கொட்டுவதைச் சம்ப்பில் அடக்க முடியாது. வழிவதைப் போர் பக்கத்து உறிஞ்சுகுழிக்குத் திருப்புங்கள். முதல் மழையை வெளியே விடுவதற்கு ஒரு வால்வு மறக்காமல் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புறா எச்சமும் இலையும் சம்ப்பில்தான் இறங்கும்.

‘எலெக்ட்ரிக் வண்டி வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்ததே’ என்பீர்கள். பாதி சரி. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 30 வாட்-மணி தின்னும் (1,000 வாட்-மணி ஒரு யூனிட்). வீட்டம்மாவின் 720 கி.மீ.க்குச் சார்ஜிங் இழப்பையும் சேர்த்து மாதம் 25 யூனிட். 16 லிட்டர் பெட்ரோலின் வேலையை 25 யூனிட் செய்துவிடுகிறது. இதில் யோசிக்கவே வேண்டாம், வாங்கிவிடலாம். உங்கள் காரை மாற்றினால் கிலோமீட்டருக்கு 140 வாட்-மணி, இழப்போடு மாதம் 214 யூனிட், இருமாத ரீடிங்கில் 430. வீட்டுச் செலவு 300 என்றால் மொத்தம் 730. நம் மின்வாரியக் கட்டணத்தில் 500 தாண்டினால் கீழ்ப்படியின் சலுகையும் போய், மேலே ஒவ்வொரு படியும் விலை ஏறும். அதனால் காரோடு கூரை சோலாரையும் சேர்த்தே திட்டமிடுங்கள். 3 கிலோவாட், ஏறக்குறைய 300 சதுர அடி. ஆண்டுச் சராசரி நாளைக்கு 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 720. உங்கள் 730-க்குக் கிட்டத்தட்ட நேராகிவிடும். 2024-ல் வந்த ‘சூர்யா கர்’ திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000. கார் பகலில் சரவணம்பட்டியில் நிற்கும், சோலார் பகலில் வீட்டில் விளையும். நெட் மீட்டர் வைத்துப் பகலில் கொடுத்ததை இரவில் கழித்துக்கொள்ள வேண்டும்.

கணவாய்க்கு என்று சில தனிக் குணங்கள் உண்டு, சென்னைக்காரர் எழுதும் ஆலோசனையில் இவை இருக்காது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து கணவாய் வழியாக அடித்துக்கொண்டு வரும். காலையில் கோவைக்குப் போகும்போது முதுகில் தள்ளும், மாலையில் வீடு திரும்பும்போது முகத்தில் அறையும். 45-ல் போகும் ஸ்கூட்டருக்கு எதிரே 20 கி.மீ. வேகக் காற்று என்றால், காற்றைப் பொறுத்தவரை வண்டி 65-ல் போகிறது. காற்றைத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். ‘100 கி.மீ. ரேஞ்ச்’ என்று காட்டும் வண்டி அந்த நேரத்தில் 60, 70-தான் ஓடும். காலையில் மீட்டர் காட்டியதை நம்பி மாலையில் வழியில் நிற்பவர்கள் இதை மறந்தவர்களே. வீட்டம்மாவுக்கு இது தலைகீழ்: காலையில் எதிர்காற்று, மாலையில் சாதகம். எப்படியானாலும் தேவைக்கு ஒன்றரை மடங்கு ரேஞ்ச் உள்ள வண்டியாகப் பாருங்கள்.

சோலார் பேனலைக் கீழே நடமாடும்படி பத்தடி உயரத்தில் தூக்கிக் கட்டுவது இப்போது பழக்கம். கணவாயில் அது காற்றுக்குப் பாய்மரம். தாழ்வாக, தெற்கு நோக்கிப் பத்துப் பதினொரு டிகிரி சாய்வோடு போதும். ஆங்கர் போல்ட் கான்கிரீட் தளத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். மேலே ஒட்டிய கூல் டைல்ஸில் மட்டும் திருகிவிட்டுப் போவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். ஜூன், ஜூலை மேகத்தில் விளைச்சல் குறையும். அதே மாதங்களில் பல்லடம், உடுமலை பக்கக் காற்றாலைகள் இரவும் பகலும் சுற்றும். ஆகவே ஆடி இரவில் வண்டி சார்ஜ் ஏறுவதில் காற்று மின்சாரத்துக்கும் நல்ல பங்கு. ஆண்டு முழுக்கப் பார்த்தால் நிலக்கரியின் பங்கு பெரிது, அதை மறைக்க வேண்டியதில்லை.

சார்ஜிங்கில் எது கெடும்? முதலில் பிளக். சாதாரண 15 ஆம்பியர் சாக்கெட்டில் தினம் ஆறேழு மணி நேரம் முழு லோடு ஓடினால் உள்ளே பிடிப்பு தளர்ந்து பின் சூடாகிக் கருகும். தனி லைன், 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி, இண்டஸ்ட்ரியல் சாக்கெட், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) என்று வயரிங் நேரத்திலேயே எழுதி வாங்குங்கள். அடுத்தது எர்த். பாறை பூமியில், கோடையில், எர்த் குழி காய்ந்துவிட்டால் சார்ஜர் ‘எர்த் ஃபால்ட்’ என்று சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும். ஷோரூமில் வண்டியைக் குறை சொல்வார்கள், கோளாறு உங்கள் வீட்டுக் குழியில் இருக்கும். சார்ஜருக்குத் தனிக் குழி, மீட்டர் வைத்துப் பார்த்தால் 5 ஓமுக்குக் கீழே, வேனிலில் வாரம் ஒரு குடம் தண்ணீர்.

டிரான்ஸ்பார்மரை யாரும் நினைப்பதில்லை. லே-அவுட்டுக்கு வைத்திருப்பது 63 அல்லது 100 கே.வி.ஏ.வாக இருக்கும்; அது தாங்கும் லோடு ஏறக்குறைய அத்தனை கிலோவாட்தான். 40 வீட்டில் கார் வந்து, எல்லோரும் ஏழு மணிக்கு வீடு திரும்பி 3.3 கிலோவாட் சார்ஜரைச் சொருகினால் 132 கிலோவாட், மற்ற லோடு போக. ஃபியூஸ் போகும், அல்லது லைனின் கடைசி வீட்டில் 180 வோல்ட்டுக்கு இறங்கி சப்மெர்சிபிள் மோட்டார் கிளம்பாது. பதினொரு மணிக்கு மேல் சார்ஜ் ஏறும்படி வண்டியிலேயே நேரம் வைத்துக்கொள்ளலாம். ஒரு தெருவே சேர்ந்து அப்படி வைத்துக்கொண்டால் இந்தச் சண்டை வராது.

அடுப்பும் எண்ணெய்ச் சங்கிலிதான். நாட்டின் சமையல் கேஸில் பாதிக்கு மேல் இறக்குமதி, பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து. 14.2 கிலோ சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்‌ஷன் அடுப்பு 125, 130 யூனிட்டில் செய்யும். முழுசாக மாற வேண்டாம். சாதம், பருப்பு, பால், டீ இண்டக்‌ஷனில், தோசையும் தாளிப்பும் கேஸில் என்று பிரித்தால் ஒரு சிலிண்டர் இரண்டரை மாதம் வரும். இதில் நான் அதிகம் நிற்கப் போவதில்லை, புறநகரானாலும் டவுனானாலும் இது ஒன்றுதான்.

புறநகருக்கே உரிய நோய் காலி சைட். 1 கி.மீ. தெருவில் இரு பக்கமும் 40 அடி முகப்பில் 160 மனை வரும். அதில் 20 வீடுதான் எழும்பியிருக்கும், மீதி முதலீடு, சீமைக்கருவேலம். மூன்றே முக்கால் மீட்டர் அகலத்தில் அந்தத் தெருவுக்கு 25 மி.மீ. தார் போட 10 டன் பிட்டுமன் வேண்டும், அதுவும் கச்சா எண்ணெயின் அடிமண்டிதான், விலையும் அதோடுதான் ஏறும். 160 வீட்டு வரியில் போட வேண்டிய ரோட்டை 20 வீட்டு வரியில் ஊராட்சி எப்படிப் போடும்? ரோடு போகாத இடத்துக்கு மினி பஸ் வராது, பஸ் வராத இடத்தில் ஆள் குடியேற மாட்டார், ஆள் இல்லாத இடத்தில் கடை இல்லை. எலெக்ட்ரிக் வண்டி இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியைக்கூட அறுக்காது. எல்லைக்கு அந்தப் பக்கம் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை போய்ப் பாருங்கள், பேச்சு தமிழ்தான். பழைய ஊரை ஒட்டியே வீடுகள், பஸ், டீக்கடை, ரேஷன் கடை. நம் பக்கத்திலும் பிச்சனூர், மாவுத்தம்பதி மாதிரிப் பழைய ஊரை ஒட்டிய சைட்டுக்கும், நடுக்காட்டில் கல் நட்ட சைட்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. பிழைப்பில் இருக்கும். மலையடிவாரத்தை நெருங்கினால் யானை வேறு. 2021 நவம்பரில் நவக்கரை பக்கம் ரயிலில் அடிபட்டு மூன்று யானைகள் செத்த தடம் அது. ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஸ்கூட்டரில் உள்ளே போகிற வழி எது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பஸ்ஸும் ரயிலும். லிட்டருக்கு 5 கி.மீ. ஓடும் டவுன் பஸ்ஸில் 40 பேர் இருந்தால் ஒரு லிட்டரில் 200 ஆள்-கிலோமீட்டர். தனியாக ஓட்டும் காரில் 14, ஸ்கூட்டரில் 45. பாலக்காடு ரோட்டில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை, உங்கள் சைட்டுக்கும் அந்த ரோட்டுக்கும் நடுவில்தான் பஞ்சம். ரயில் தடம் முழுக்க மின்மயம்: போத்தனூர், மதுக்கரை, எட்டிமடை, வாளையார், கஞ்சிக்கோடு. எல்லா நிறுத்தத்திலும் நிற்கும் வண்டிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான் என்றாலும், வீட்டம்மாவின் ஷிப்டுக்கு ஒன்று பொருந்திவிட்டால் எட்டிமடைக்கு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், அங்கிருந்து கஞ்சிக்கோட்டுக்கு சீசன் டிக்கெட் என்று பெட்ரோலைத் தொடாமலே போய்வரலாம். உங்கள் சரவணம்பட்டிக்கு அப்படி நேர்வழி இல்லை. கோவை ஜங்ஷனில் இறங்கி மறுபடி பஸ். தினமும் நடக்காது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி இருந்தால் 1,344 கி.மீ. 850-ஆகக் குறையும். எந்த வண்டியை மாற்றினாலும் கிடைக்காத மிச்சம் அது. பேசிப் பாருங்கள்.

பையனையும் உங்கள் பெற்றோரையும் கணக்கில் சேர்த்தீர்களா? வண்டி ஓட்டத் தெரியாதவருக்கும் ஓட்ட முடியாதவருக்கும் 3 கி.மீ. உள்ளே என்பது வீட்டுச் சிறை. பையன் லைசென்ஸ் எடுக்க இன்னும் ஏழு வருஷம். அதுவரை ட்யூஷனுக்கும் விளையாட்டுக்கும் டிரைவர் நீங்கள்தான், அந்த நடைகள் மேலே போட்ட 112 லிட்டரில் இல்லை.

என் முடிவு இது. வீட்டுக் கடன் தவணையும் போக்குவரத்துச் செலவும் சேர்ந்து, பெட்ரோல் 150 என்று வைத்தும், கையில் வரும் சம்பளத்தில் பாதியைத் தாண்டாவிட்டால் பணரீதியாகத் தாங்கும். தாண்டினால் இப்போதைக்குக் கட்டாதீர்கள், சரவணம்பட்டிப் பக்கம் வாடகைக்கு இருங்கள், சைட் எங்கும் ஓடிவிடாது. பணம் தாங்கும் என்றாலும் 3 கி.மீ. உள்ளே கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விற்றுவிட்டு அதே பணத்தில் எட்டிமடை ஸ்டேஷனிலிருந்தோ மெயின் ரோட்டு நிறுத்தத்திலிருந்தோ 1 கி.மீ.க்குள் மூன்றரை, நாலு சென்ட் கிடைத்தாலும் அது மேல். ஐந்தரை சென்ட்டில் ஒன்றரை சென்ட் தோட்டம் போனால் போகட்டும்.

விற்க மனமில்லை என்றால் பில்டரிடம் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு வேலை நாளில் மாலை ஆறு மணிக்கு அங்கே போங்கள். காரை மெயின் ரோட்டில் விட்டுவிட்டு சைட் வரை நடங்கள். போகிற வழியில் விளக்கு எரியும் வீடுகளை எண்ணுங்கள், பால் கிடைக்கும் கடை எத்தனை நிமிஷ நடை என்று பாருங்கள். டிரான்ஸ்பார்மரில் எழுதியிருக்கும் கே.வி.ஏ.வைக் குறித்துக்கொண்டு, அதில் எத்தனை சர்வீஸ் (மின் இணைப்பு) இருக்கிறது என்று லைன்மேனிடம் கேளுங்கள். திரும்பும்போது எட்டரை ஆகியிருக்கும். மெயின் ரோட்டுக்குக் கொண்டுவிட அந்த நேரத்தில் ஆட்டோ வருகிறதா, எவ்வளவு கேட்கிறார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.